சிவகாசி ஆஃப்செட், ஃப்ளெக்ஸ் டிசைன் வேலைக்குப் புது மெஷின்: இந்தக் கொட்டேஷன் சரியா?

நாலுகலர்

டிசைன் ரூமுக்கு ஒரு மெஷின் போடணும். வேலை விவரம்:

காலண்டர் 20×30 அங்குலம், 300 டிபிஐ, போட்டோஷாப்பில் 10 முதல் 15 லேயர். பட்டாசுப் பெட்டி லேபிள் கோரல் டிராவில். டெய்லி காலண்டர் ஷீட் எல்லாம் பழைய பேஜ்மேக்கர் ஃபைல், இந்த வருஷம் இன்டிசைனுக்கு மாத்தணும். இடையிடையே ஃப்ளெக்ஸ், 10×8 அடி, 20×10 அடி.

கடையில் கொடுத்த கொட்டேஷன்: கோர் ஐ9-14900கே, ஆர்டிஎக்ஸ் 4070 12 ஜிபி, ராம் 16 ஜிபி (8×2), எஸ்எஸ்டி 512 ஜிபி, ஹார்ட் டிஸ்க் 2 டிபி, 24 அங்குல விஏ பேனல் 165 ஹெர்ட்ஸ் மானிட்டர், 600 விஏ யூபிஎஸ். எல்லாம் சேர்த்து 2 லட்சத்துக்குள்.

ஆடி 18-க்கு காலண்டர் சாம்பிள் ஆல்பம் வெளியாகணும். அதுக்குள்ள மெஷின் செட்டாகி ஓடணும். எதை மாத்தலாம்?

ஸ்கிராட்ச்டிஸ்க்

இது கேம் விளையாடுற மெஷினோட கொட்டேஷன் அண்ணாச்சி. ப்ராசசர்லயும் கிராஃபிக்ஸ் கார்டுலயும் காசைக் கொட்டிட்டு, உங்க வேலை நிஜமா முட்டி நிக்கிற இடத்துல 16 ஜிபி வச்சிருக்காங்க.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20×30 அங்குலம், 300 டிபிஐ என்றால் 6000×9000 பிக்சல், 5 கோடியே 40 லட்சம். சிஎம்ஒய்கே 8 பிட்டில் ஒரு பிக்சலுக்கு 4 பைட், ஆக 216 எம்பி. இது லேயர் எல்லாம் ஒண்ணா ஒட்டின ஒற்றைப் படத்துக்கு. டிரான்ஸ்பரன்சி இருக்கிற லேயர் என்றால் அதுக்கு ஒரு பைட் கூடும், முழு அளவு லேயர் ஒன்று 270 எம்பி. அப்படி 12 லேயர் வந்தால் 3.2 ஜிபி.

இதோட முடியல. போட்டோஷாப்பில் ஹிஸ்டரி 50 படி வரைக்கும் வச்சிருக்கும். சின்னதா பிரஷ் போட்டால் மாறின துண்டை மட்டும் வைக்கும். முழு லேயருக்கும் கர்வ்ஸ், பிளர் போட்டால் லேயர் முழுசும் இன்னொரு பிரதி. அப்படி 20 முறை போட்டாலே 5.4 ஜிபி. மொத்தம் 8.6. மேல கோரல், பிரவுசர், வாட்ஸ்அப், விண்டோஸ் எல்லாம் ராமுக்குக் கை நீட்டும். 16 ஜிபி மெஷின்ல போட்டோஷாப் தானா எடுத்துக்கிறது இருக்கிற ராமில் 70%, அதாவது சுமார் 10 ஜிபி. இன்னும் ரெண்டு லேயர் கூடினா எஸ்எஸ்டியில் எழுத ஆரம்பிச்சிடும்.

இப்ப இருக்கிற மெஷின்லயே சோதிக்கலாம். ஒரு நிஜ காலண்டர் ஃபைலைத் திறங்க. கீழே இடது மூலையில் ஸ்டேட்டஸ் பாரில் இருக்கிற அம்புக்குறியை அழுத்தி எஃபிஷியன்சியைத் தேர்ந்தெடுங்க. அரை மணி நேரம் வழக்கம்போல வேலை பாருங்க. 100%-லயே நின்னா ராம் போதுது. 80, 70-னு இறங்கினா ஒவ்வொரு அசைவுக்கும் டிஸ்க்குக்கு ஓடிட்டு வருதுன்னு அர்த்தம். அந்த மந்தத்தை எந்த ஐ9-ம் சரிபண்ணாது.

உங்க வேலைக்கு 32 கட்டாயம். காசு இடம் கொடுத்தா 64. அதுவும் 32×2-ஆ எடுங்க, 16×4 வேண்டாம்.

நாலுகலர்

> 32×2-ஆ எடுங்க, 16×4 வேண்டாம்

நாலு ஸ்லாட் இருக்குதானே? 16×4 போட்டா என்ன கெடுதல்?

ஸ்கிராட்ச்டிஸ்க்

டிடிஆர்4 காலத்தில் பெருசா வித்தியாசம் இல்ல. டிடிஆர்5-ல நாலு ஸ்டிக் போட்டால் மெமரி கன்ட்ரோலர் திணறுது. ரைசன் 9000 வரிசைக்கு ஏஎம்டியே சொல்ற வேகம்: ரெண்டு ஸ்டிக்குக்கு 5600, நாலுக்கு 3600. ரெண்டு ஸ்லாட்டைக் காலியா விட்டு வைக்கிறதும் பின்னாடி கூட்டலாம்னு இல்ல. கூட்டினா இதே சிக்கல்தான். வாங்கும்போதே ஒரே பெட்டியில் வர்ற ரெண்டு ஸ்டிக் கிட்டா வாங்குங்க. தனித்தனியா ரெண்டு வாங்கினா ஒரே பெயர் ஒட்டியிருந்தாலும் உள்ளே சிப் வேற வேறயா இருக்கலாம்.

பிளேட்டடி

ராமெல்லாம் அப்புறம். மானிட்டரைப் பாருங்கள் முதலில். 165 ஹெர்ட்ஸ் விஏ பேனலில் காலண்டர் சாமி படத்துக்கு நிறம் பார்ப்பதா? விஏ பேனலில் தலையை அரை அடி நகர்த்தினால் இருட்டுப் பகுதி வெளுத்துத் தெரியும். முருகன் கழுத்து நிழலில் விவரம் இருக்கிறது என்று நம்பி பிளேட் போடுவீர்கள், அச்சில் அங்கே மைக்குட்டைதான் நிற்கும்.

வேண்டியது ஐபிஎஸ் பேனல் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாத வகை), 27 அங்குலம், 2560×1440. அங்குலத்துக்கு 109 பிக்சல் வரும். மெனு எழுத்தும் படிக்க முடியும், படத்தின் நுணுக்கமும் தெரியும். 27 அங்குலத்தில் 1920×1080 எடுக்காதீர்கள், 82 பிக்சல்தான், மெல்லிய எழுத்தின் ஓரம் பல்லுப்பல்லாகத் தெரியும். 4கே நல்லதுதான், ஆனால் பேஜ்மேக்கர் போன்ற பழைய சாஃப்ட்வேரில் மெனு எறும்பு அளவுக்குச் சுருங்கிவிடும்.

நிறத்தில் எஸ்ஆர்ஜிபி (திரைகளுக்கான பொதுவான நிற வரம்பு) 100% என்று போட்டிருக்க வேண்டும். ஏசுஸ் புரோஆர்ட் பிஏ278கியூவி இந்த ரகம். கூடவே திரையின் நிறத்தை அளந்து சரிசெய்யும் கலிப்ரேட்டர் ஒன்று: கலிபிரைட் அல்லது டேட்டாகலர் ஸ்பைடர். மானிட்டரும் கலிப்ரேட்டரும் சேர்த்து 50,000 ஒதுக்குங்கள். மிச்சத்தில் மெஷின் கட்டுங்கள்.

ரிச்சிதெரு

50 ஆயிரத்தை மானிட்டருக்கே கொடுக்கிறதா! அப்படிப் போறதா இருந்தா முழுசாப் போகணும். அடோபி ஆர்ஜிபி (அதைவிட அகலமான நிற வரம்பு) 99% மானிட்டர் எடுங்க. எஸ்ஆர்ஜிபி மானிட்டர்ல முழு சியான் சரியாத் தெரியாதே, 100% சியான் அந்த நிற வரம்புக்கு வெளியே இருக்கு. ஆஃப்செட்காரருக்கு எஸ்ஆர்ஜிபி எதுக்கு?

பிளேட்டடி

சியான் வெளியே இருக்கிறது என்பது உண்மை. ஆனால் தவறு எந்தப் பக்கம் நடக்கிறது என்று பாருங்கள். எஸ்ஆர்ஜிபி மானிட்டரில் சியானும் பச்சை கலந்த நீலமும் அச்சில் வருவதைவிடக் கொஞ்சம் மங்கலாகத் தெரியும். அச்சு திரையைவிடப் பளிச்சென்று வந்தால் பார்ட்டி சண்டைக்கு வருவதில்லை. சண்டை வருவது எதற்கு? திரையில் மின்னும் நீலமும் கிளிப்பச்சையும் தாளில் அழுக்காக வருவதற்கு. அந்த நிறங்களை எஸ்ஆர்ஜிபி மானிட்டர் காட்டிவிடும். சாஃப்ட் புரூஃப் (அச்சில் எப்படி வரும் என்று திரையிலேயே காட்டுவது) போட்டால் எவ்வளவு இறங்கும் என்றும் காட்டிவிடும்.

அடோபி ஆர்ஜிபி மானிட்டரில் இன்னொரு தலைவலி. நிற மேலாண்மை இல்லாத சாஃப்ட்வேரில் எல்லாம் சிவப்பு எரிகிறமாதிரி தெரியும். வாட்ஸ்அப்பில் பார்ட்டி அனுப்பும் படத்தை அதில் பார்த்துவிட்டு "நிறம் அதிகம்" என்று குறைத்தால் கதை கந்தல். அந்த வகை வாங்கினால் அதிலேயே இருக்கும் எஸ்ஆர்ஜிபி மோடுக்கு மாற்றி மாற்றிப் பார்க்கப் பழக வேண்டும். 2 லட்சத்தில் மொத்த மெஷினும் கட்டுகிறவருக்கு அது இப்போது தேவையில்லை. பட்ஜெட்டில் பெரும்பங்கை அதுவே விழுங்கிவிடும். சாம்பிள் பார்த்துப் பார்த்துக் கண் பழகிய ஆர்ட்புக் அச்சகத்துக்கு என்றால் நானே எடுக்கச் சொல்வேன்.

"95% டிசிஐ-பி3" என்று அட்டையில் பெரிதாகப் போட்டு விற்பதை இதோடு குழப்ப வேண்டாம். அது சினிமாவுக்கான நிற வரம்பு, சிவப்பில்தான் அதிகம் நீளும். ஆஃப்செட் சியானுக்கு அது முழு மருந்து இல்லை.

பட்டாசு லேபிளுக்கு ஒரு விஷயம்: ஃப்ளோரசன்ட் பிங்க், கோல்டு இங்க், ஃபாயில், இதெல்லாம் உலகத்தில் எந்த மானிட்டரிலும் தெரியாது. ஸ்பாட் கலர் சேனலில் வைத்து ஷேட் கார்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நாலுகலர்

கலிப்ரேட்டர் வாங்கினா என்ன எண் வைக்கணும்? சும்மா பட்டனைத் தட்டினா 6500, 120-னு ஏதோ வருது.

பிளேட்டடி

வரிசையாகச் சொல்கிறேன்.

1. மானிட்டரை 30 நிமிடம் எரிய விடுங்கள். சூடேறாமல் அளந்த அளவு மதியத்துக்குள் நகர்ந்துவிடும்.

2. மானிட்டர் மெனுவில் ஃபாக்டரி ரீசெட். யூசர் மோடு. டைனமிக் கான்ட்ராஸ்ட், ஐ-கேர், ஆட்டோ பிரைட்னஸ் எல்லாம் அணைக்கவும். விண்டோஸில் நைட் லைட்டும் எச்டிஆரும் அணைந்திருக்க வேண்டும். இதில் ஒன்று தப்பினாலும் மீதி வேலை வீண்.

3. வெளிச்சம் 100 காண்டெலா, காமா 2.2. கடையிலிருந்து வரும்போது மானிட்டர் 250, 300-ல் இருக்கும். திரையில் தெரிகிற அளவுக்கு அச்சு வரவில்லை, இருண்டு வருகிறது என்ற புகாரில் பெரும்பாதி இந்த ஒரு எண்ணால் வருவது.

4. வெள்ளை எவ்வளவு கெல்வின் என்பது உங்கள் ரூம் விளக்கைப் பொறுத்தது. அச்சுத் தாளை 5000 கெல்வின் விளக்கில் பார்த்தால் திரையையும் 5000-லிருந்து 5800-க்குள் வையுங்கள். சாதாரண 6500 டியூப்லைட்டுக்கு அடியில் பார்த்தால் 6500. சோதனை எளிது: போட்டோஷாப்பில் வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, பக்கத்தில் விளக்கடியில் வெற்று ஆர்ட் பேப்பரைப் பிடியுங்கள். இரண்டும் ஒரே வெள்ளையாகத் தெரியும்வரை வெளிச்சத்தையும் கெல்வினையும் நகர்த்தி, மறுபடி கலிப்ரேட் செய்யுங்கள்.

5. வியூ மெனுவில் புரூஃப் செட்டப், கஸ்டம். உங்கள் அச்சகம் கொடுத்த புரொஃபைல் (அங்கே மையும் தாளும் சேர்ந்து தரும் நிறத்தைச் சொல்லும் ஃபைல்). ஆர்ட் பேப்பருக்கு ஃபோக்ரா39 கேட்பார்கள். சிமுலேட் பேப்பர் கலர் டிக் செய்யவும். டிக் செய்ததும் படம் செத்துப்போனதுபோல் தெரியும். அதுதான் அச்சு.

கோரலிலும் கலர் மேனேஜ்மென்டில் அதே புரொஃபைலை வைக்காவிட்டால், ஒரே சிவப்பு போட்டோஷாப்பில் ஒன்றாகவும் கோரலில் இன்னொன்றாகவும் தெரியும். போட்டோஷாப்பை நிறுவியதும் இருக்கும் சிஎம்ஒய்கே அமெரிக்க ஸ்வாப் புரொஃபைல். மாற்றாமல் வருஷக்கணக்கில் ஓட்டுகிற இடங்கள் நிறைய.

மாதம் ஒருமுறை கலிப்ரேட் போதும். அறைச் சுவர் பிங்க், பச்சை என்று இருந்தால் வெளிர் சாம்பல் அடித்துவிடுங்கள். பெயின்ட் டப்பாவைவிட மலிவான கலர் கரெக்ஷன் கிடையாது.

ஸ்கிராட்ச்டிஸ்க்

ஒரு சேர்க்கை. மானிட்டரை டிஸ்ப்ளே போர்ட் கேபிளில் கொடுங்க. எச்டிஎம்ஐ-யில் கொடுத்தால் சில சமயம் கார்டு அதை டிவின்னு நினைச்சு லிமிடெட் ரேஞ்ச் அனுப்பும். கருப்பு சாம்பலா வெளுத்துப் போகும். எச்டிஎம்ஐ தான் வழின்னா என்விடியா கன்ட்ரோல் பேனலில் அவுட்புட் டைனமிக் ரேஞ்சை ஃபுல்-ன்னு மாத்திட்டு அப்புறம் கலிப்ரேட் பண்ணுங்க.

ஐலெட்

ஃப்ளெக்ஸ் பக்கம் யாரும் பேசல, நான் பேசுறேன். 64 ஜிபி ராம் போட வைக்கிறது பெரும்பாலும் தெரியாம வைக்கிற டிபிஐதான்.

10×8 அடி என்றால் 120×96 அங்குலம். 72 டிபிஐ-ல 8640×6912, சிஎம்ஒய்கே ஒட்டின படம் 239 எம்பி. காலண்டர் அளவுதான். அதையே 300 டிபிஐ வச்சா 36000×28800, 4.1 ஜிபி, ஒரே ஒரு லேயர்! மேல பிஎஸ்டி ஃபைல் ஒரு பக்கத்துக்கு 30,000 பிக்சலுக்கு மேல தாங்காது, 2 ஜிபிக்கு மேலயும் சேவ் ஆகாது. பெரிய ஃபைலுக்கான பிஎஸ்பி வடிவத்துல தான் போடணும். அப்படிப் பெருத்த ஃபைலை பென் டிரைவ்ல போடப் போனா, டிரைவ் ஃபேட்32-ல ஃபார்மேட் ஆகியிருந்தா 4 ஜிபிக்கு மேல ஒரு ஃபைலை ஏத்தாது. இடம் 20 ஜிபி காலியா இருந்தாலும் ஃபைல் ரொம்பப் பெருசுன்னு மறுத்துடும். எக்ஸ்ஃபேட்டா மாத்திக்கங்க.

20×10 அடி 72 டிபிஐ-ல 17280×8640, சுமார் 600 எம்பி. ரோட்டோரம் தூக்கிக் கட்டுறதுக்கு 72 தாராளம். 40×20 ஹோர்டிங்குக்கு 40 டிபிஐ கூட கண்ணுக்குத் தெரியாது. கல்யாண ஹால் வாசல்ல மக்கள் பக்கத்துல நின்னு செல்ஃபி எடுக்கிற பேனருக்கு மட்டும் 100-லிருந்து 150.

இன்னொண்ணு. இல்லஸ்ட்ரேட்டர்ல சாதாரண கேன்வாஸ் 227 அங்குலம், 19 அடிக்குக் கீழ. 20 அடிக்கு நேரடி அளவுல போட லார்ஜ் கேன்வாஸா திறக்கணும், இல்லாட்டி பத்துல ஒரு பங்கு. இன்டிசைன் 216 அங்குலத்தோட நின்னுடும். கோரல் 1800 அங்குலம், 150 அடி வரை போகும். நம்மூர்ல ஃப்ளெக்ஸ் கடையெல்லாம் கோரலை விடாததுக்கு இதுவும் ஒரு காரணம்.

ரிச்சிதெரு

ப்ராசசர் பத்தி என்ன முடிவு? 2 லட்சம்னா நான் சொல்றது: பழைய வொர்க்ஸ்டேஷன். ரெண்டு ஜியான் ப்ராசசர், 28 கோர், 128 ஜிபி ஈசிசி ராம், சென்னை ரிச்சி தெருவுல புதுசோட கால்வாசிக் காசுக்குக் கிடைக்குது. மிச்சக் காசுல அடோபி ஆர்ஜிபி மானிட்டரே வாங்கலாம்.

ஸ்கிராட்ச்டிஸ்க்

ரெண்டு ஜியான் போட்டோஷாப்புக்கு என்ன செய்யும்? லேயர் நகர்த்துறது, பிரஷ், செலக்ஷன், கோரல்ல பவர்கிளிப், ஷேடோ, லென்ஸ் டிரான்ஸ்பரன்சி, இதுல பெரும்பாலும் ஒண்ணோ ரெண்டோ கோர்தான் ஓடுது. 28 கோர்ல 26 கைகட்டி நிக்கும். ஓடுற அந்த ஒரு கோர் இன்னிக்கு வர்ற சாதாரண ரைசன் 5-ல பாதி வேகம்கூட வராது. 3டி ரெண்டரிங்குக்கு அது பிரமாதமான மெஷின். இதுக்கு இல்ல.

அதுக்கு மேல, அந்த ஜியான் இ5 வரிசை விண்டோஸ் 11 பட்டியல்லயே கிடையாது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட ஆதரவு முடிஞ்சது. 128 ஜிபி ராம் அழகாத்தான் இருக்கும், கரண்ட் பில்லும் அழகாத்தான் வரும்.

எடுக்க வேண்டியது ரைசன் 7 9700எக்ஸ். 8 கோர், 65 வாட், சாதாரண டவர் கூலர் போதும். இன்டெல்தான் வேணும்னா கோர் அல்ட்ரா 7 265கே.

கொட்டேஷன்ல இருக்கிற 14900கே பத்தி ஒரு எச்சரிக்கை. இன்டெல் 13, 14 தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர்கள்ல வோல்டேஜ் கூடுதலாப் போய் சிப் மெல்ல மெல்லக் கெடுற பிரச்சனை 2024-ல இன்டெல்லே ஒத்துக்கிட்டது. 0எக்ஸ்129, அப்புறம் 0எக்ஸ்12பி-ன்னு மைக்ரோகோட் (சிப்புக்கான திருத்தம்) விட்டாங்க, வாரண்டியை ரெண்டு வருஷம் நீட்டினாங்க. புதுசா வாங்கி முதல் நாளே பயாஸ் புதுப்பிச்சா ஓடும். ஆனா கெட்ட சிப்பை மைக்ரோகோட் திருப்பிக் கொண்டுவராது. யூஸ்டு 13900, 14900 பக்கம் போகவே வேண்டாம்.

கிராஃபிக்ஸ் கார்டு: 4070 தேவையில்ல. போட்டோஷாப் கார்டைக் கேட்கிறது ஜூம், கேன்வாஸ் சுழற்சி, கேமரா ரா, சில ஃபில்டருக்கு. கோரல் இன்னும் குறைவா. 8 ஜிபி 4060 அல்லது 5060 எடுத்தா தாராளம். இன்னும் குறைக்கணும்னா 3050 6 ஜிபி, 70 வாட்தான், தனிப் பவர் கேபிள்கூட வேண்டாம். "டிசைனர்னா குவாட்ரோ கார்டு போடணும், இல்லாட்டி 10 பிட் கலர் வராது"ன்னு இன்னும் சொல்றவங்க இருக்காங்க. 2019 ஜூலையிலயே என்விடியா ஸ்டூடியோ டிரைவர்ல ஜீஃபோர்ஸுக்கும் அது வந்துடுச்சு. டிரைவர் எடுக்கும்போது கேம் ரெடி எடுக்காம ஸ்டூடியோ எடுங்க, அவ்வளவுதான்.

எஸ்எஸ்டி ரெண்டு: விண்டோஸுக்கு 1 டிபி, நடப்பு வேலைக்கும் ஸ்கிராட்சுக்கும் (ராம் போதாதப்ப போட்டோஷாப் எழுதுற இடம்) இன்னொரு 1 டிபி. பிரிஃபரன்ஸஸ்ல ஸ்கிராட்ச் டிஸ்கா ரெண்டாவதை முதல் இடத்துக்கு நகர்த்துங்க. ஜென் 4 போதும், ஜென் 5 வேகம் இதுல தெரியாது, சூடுதான் தெரியும். மலிவு ரகமான க்யூஎல்சி எஸ்எஸ்டியைத் தவிருங்க. முதல் சில பத்து ஜிபி பறக்கும், கேஷ் நிறைஞ்சதும் எழுதுற வேகம் ஹார்ட் டிஸ்க் அளவுக்கு விழும். கேட்கும்போதே "டிஎல்சி"ன்னு கேளுங்க. 80%-க்கு மேல நிரப்பாதீங்க.

பெரிய ஃபைல் சேவ் ஆக நேரம் ஆகுதுன்னா, ஃபைல் ஹேண்ட்லிங்ல பிஎஸ்டி, பிஎஸ்பி கம்ப்ரஷனை நிறுத்துற ஒரு டிக் இருக்கு. ஃபைல் பெருத்துப்போகும், சேவ் வேகம் கண்ணுக்குத் தெரியிற அளவுக்குக் கூடும். ரொம்பப் பேருக்கு இது தெரியாது.

ஆப்பிள்வாசி

மேக் மினி எம்4 பற்றி யாரும் சொல்லவில்லையே? 16 ஜிபி மாடல் வெளியானபோது 59,900. போட்டோஷாப், இன்டிசைன் பறக்கிறது. கரண்டும் சொற்பம், சத்தமும் இல்லை. 24 ஜிபி எடுத்தாலும் பட்ஜெட்டுக்குள் நல்ல மானிட்டர் வரும். கோரலும் மேக்கில் இருக்கிறது.

பிளேட்டடி

போட்டோஷாப், இன்டிசைன் மட்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். இவர் பட்டியலில் பேஜ்மேக்கர் இருக்கிறது. பழைய தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் இருக்கும். ஃப்ளெக்ஸ் மெஷினுக்குப் படத்தை அச்சுப் புள்ளிகளாக்கி அனுப்பும் ரிப் சாஃப்ட்வேர் விண்டோஸில் ஓடுவது. மேக் மினியில் ராம் பின்னால் கூட்டவே முடியாது, வாங்கும் நாளில் வைத்ததுதான். இரண்டாவது மெஷினாக வாங்கினால் சரி, முதல் மெஷினாக வேண்டாம்.

கொம்புக்கால்

மெஷினைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு எழுத்துருவைக் கடைசியில்தான் பேசுவீர்களா? டெய்லி ஷீட்டை மாற்றும்போது பாதி நாள் போகப்போவது இங்கேதான்.

முதல் சிக்கல்: பேஜ்மேக்கர் ஃபைலை இப்போதுள்ள இன்டிசைன் சிசி திறக்காது. சிஎஸ்6 வரைதான் திறந்தது. ஆகவே பழைய மெஷினைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் சிஎஸ்6 இருந்தால் ஒவ்வொரு ஃபைலையும் திறந்து ஐடிஎம்எல் (இன்டிசைனின் வெர்ஷன் விட்டு வெர்ஷன் போகும் வடிவம்) ஆக சேமித்து, அதைப் புது மெஷினில் திறக்கவும். பேஜ்மேக்கரை இன்னும் ஒரு வருஷம் ஓட்ட வேண்டியிருக்கும் என்றால் புது மெஷினில் விர்ச்சுவல் மெஷின் (மெஷினுக்குள் இன்னொரு மெஷின்போல் ஓடும் சாஃப்ட்வேர்) போட்டு, பழைய விண்டோஸுக்கு 4 ஜிபி ஒதுக்குங்கள். அதற்கு விண்டோஸோடு வரும் ஹைப்பர்-வி வேண்டுமானால் விண்டோஸ் 11 புரோ வாங்க வேண்டும், ஹோமில் அது கிடையாது.

இரண்டாவது: அடோபி சாஃப்ட்வேர்கள் 2023 ஜனவரியோடு டைப் 1 எழுத்துருக்களைக் கைவிட்டுவிட்டன. உங்கள் ஃபாண்ட் ஃபோல்டரில் பிஎஃப்பி, பிஎஃப்எம் என்று முடிகிற ஃபைல்கள் இருந்தால் அவை அந்த வகை. விண்டோஸில் நிறுவலாம், ஆனால் இன்டிசைன் பட்டியலில் வராது. வரி முழுக்க வேறு எழுத்தில் விழும். அதே ஃபாண்டின் டிடிஎஃப் வடிவத்தை விற்றவரிடம் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது: பாமினி, டாம் போன்ற பழைய குறியாக்கங்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்து உட்கார்ந்திருக்கும். ஃபாண்ட் மாறினால் "jkpo;" மாதிரிக் குப்பை தெரிவது அதனால்தான். யூனிகோடுக்கு மாற்றும்போது நாள், நட்சத்திரம், ராகு காலம், எமகண்டம் என்று ஒவ்வொரு கட்டத்தையும் ஆள் வைத்துச் சரிபார்க்க வேண்டும். "ஸ்ரீ", "க்ஷ", பின்ன எண்கள், கிரகக் குறியீடுகள் கன்வர்ட்டரில் தப்பும் இடங்கள்.

மாற்றிய பிறகு இன்டிசைனில் பேராகிராஃப் மெனுவில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் "கொ" உடைந்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம் தெரியும். போட்டோஷாப்பின் பழைய வெர்ஷன்களில் டைப் பிரிஃபரன்ஸிலும் அதே பெயரில் லேஅவுட் இருந்தது. இன்டிசைனில் பாரா ஸ்டைலில் வைத்துவிட்டால் 365 தாளுக்கும் ஒரே தட்டு.

பிளேட்டுக்குக் கொடுக்கும் கோரல் ஃபைலில் எழுத்தை கர்வ் (ஃபாண்ட் தேவைப்படாத வெறும் கோட்டு வடிவம்) ஆக்கி, பிளேட் போடுகிறவர் வைத்திருக்கும் பழைய வெர்ஷனில் சேவ் செய்து கொடுக்கவும். கர்வ் ஆக்காத மூலத்தை வேறு பெயரில் வைக்க மறந்தால் அடுத்த வருஷம் அந்த லேபிளில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது.

நியூட்ரல்

யூபிஎஸ் பக்கம் வருவோம். 600 விஏ என்பது 360 வாட் மட்டுமே. மெஷின் முழு வேலையில் 300, மானிட்டர் 40, ஆக 340. கரண்ட் போன அதே வினாடி யூபிஎஸ்ஸும் அலறிவிட்டு அணைய நல்ல வாய்ப்பு. உள்ளே இருப்பது ஒரே ஒரு 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி. 1 கேவிஏ, 600 வாட், லைன் இன்டராக்டிவ் எடுங்கள். வாங்கும்போது "ஆக்டிவ் பிஎஃப்சி எஸ்எம்பிஎஸ் தாங்குமா" என்று கேளுங்கள் (எஸ்எம்பிஎஸ் என்பது மெஷினுக்குள் இருக்கும் பவர் சப்ளை). சதுர அலை தருகிற இன்வர்ட்டரிலும் மலிவு யூபிஎஸ்ஸிலும் நல்ல எஸ்எம்பிஎஸ் சில சமயம் மாறும் நொடியில் ரீஸ்டார்ட் ஆகும். எஸ்எம்பிஎஸ் 650 வாட், 80 பிளஸ் புரான்ஸ் போதும்.

லேசர் பிரிண்டரை யூபிஎஸ்ஸில் மாட்டவே கூடாது. டோனரைச் சூட்டில் தாளில் ஒட்டவைக்கும் ஃபியூசர் சூடாகும்போது ஒரே இழுப்பில் ஓவர்லோடு ஆகும்.

மெஷின் வருவதற்கு முன்பே எர்த் பாருங்கள். மல்டிமீட்டரை ஏசியில் வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்தால் 2, 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது என்றால் பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ் கெட்டதால் இல்லை. ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியாக வரும் சின்னக் கசிவு போக வழி இல்லாமல் பாடியில் நிற்கிறது, எர்த் இல்லை என்று பொருள். அந்த நிலையில் யூஎஸ்பி கலிப்ரேட்டர், பென் டேப்லட் எல்லாம் வீணாகப் போகும்.

பிளேட்டடி

டிசைன் ரூம் அச்சு மெஷினுக்குப் பக்கத்துச் சுவரா? அச்சான தாள்கள் ஒட்டாமலிருக்கத் தூவும் ஸ்ப்ரே பவுடர் அங்கேயிருந்து வந்துகொண்டேதான் இருக்கும். ஸ்டார்ச் மாவு, ஈரக்காற்றில் ஹீட் சிங்க்கில் பசையாக ஒட்டும். முன்பக்கம் ஃபில்டர் உள்ள கேபினட், உள்ளே தள்ளும் ஃபேன் இரண்டு, வெளியே ஒன்று. உள்ளே காற்றழுத்தம் கூடுதலாக இருந்தால் இடுக்கு வழியாகத் தூசி உறிஞ்சாது. 15 நாளைக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழற்றி உதறுங்கள். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளவும்.

நாலுகலர்

கடையில் மாத்திச் சொல்லிட்டேன்: ரைசன் 7 9700எக்ஸ், டிடிஆர்5 5600 32×2, 4060 8 ஜிபி, டிஎல்சி எஸ்எஸ்டி 1 டிபி ரெண்டு, 27 அங்குல ஐபிஎஸ் 1440, கலிப்ரேட்டர், 1 கேவிஏ யூபிஎஸ். பழைய ஃபைலுக்கு 4 டிபி ஹார்ட் டிஸ்க் வேற. ஜிஎஸ்டி பில்லோட வருது. ராமும் மானிட்டரும் ஏறினது கார்டிலும் ப்ராசசரிலும் ஈடாகிடுச்சு.

ஸ்கிராட்ச்டிஸ்க்

ஹார்ட் டிஸ்க் சிஎம்ஆர் வகையான்னு (எழுதுற தடங்கள் ஒண்ணுமேல ஒண்ணு ஏறாதது) கேட்டுக்கங்க. எஸ்எம்ஆர் வகையில ஒரே மூச்சா 500 ஜிபி நகலெடுத்தா நடுவில் படுத்துடும். அது உள்ளே இருக்கிற டிஸ்க், பேக்கப்னு எண்ணாதீங்க. வெளியே ஒண்ணு, வேற இடத்துல ஒண்ணு வேணும்.

நெட்வொர்க் ஃபோல்டர்லயிருந்து நேரடியா பிஎஸ்டி திறந்து வேலை பார்க்காதீங்க. 1 கிகாபிட் கேபிள்ல நொடிக்கு 110 எம்பிதான் வரும். 2 ஜிபி ஃபைலுக்கு ஒவ்வொரு சேவும் 20 நொடி. லோக்கல்ல நகலெடுத்து முடிச்சுத் திருப்பிப் போடுங்க.

நாலுகலர்

போர்டெல்லாம் மாட்டியாச்சு. ஆன் பண்ணினா ஃபேன் சுத்துது, திரை கருப்பு. நாலு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணியாச்சு. கடைக்காரர் ராம் டெட்டுன்னு சொல்றார்.

ஸ்கிராட்ச்டிஸ்க்

ஆஃப் பண்ணாதீங்க! முதல் தடவை டிடிஆர்5 மெமரி டிரெயினிங் (போர்டு ராமைச் சோதிச்சு அதுக்கு ஏத்தபடி செட் ஆகுறது) ஓடும். 64 ஜிபிக்கு சில நிமிஷம் ஆகும், அதுவரை திரை கருப்பாத்தான் இருக்கும். நடுவுல அணைச்சா மறுபடி முதல்லயிருந்து. ஆன் பண்ணிட்டு 15 நிமிஷம் தொடாம விடுங்க. போர்டுல டிராம்-னு சின்ன விளக்கு எரியும், அது அணைஞ்சு அடுத்ததுக்குப் போகுதான்னு மட்டும் பாருங்க. ஸ்டிக் ரெண்டும் ப்ராசசர்லயிருந்து எண்ணினா 2, 4-வது ஸ்லாட்ல இருக்கா? மானிட்டர் கேபிள் போர்டுல இல்லாம கிராஃபிக்ஸ் கார்டுல மாட்டியிருக்கா?

நாலுகலர்

ஸ்டிக் 1, 2-ல இருந்துச்சு. 2, 4-க்கு மாத்திட்டு விட்டோம். ஆறாவது நிமிஷம் பயாஸ் வந்துடுச்சு. 64 ஜிபி காட்டுது, வேகம் 4800-னு இருக்கு.

ஸ்கிராட்ச்டிஸ்க்

பயாஸ்ல எக்ஸ்போ-ன்னு (ராமை அதுல போட்டிருக்கிற வேகத்துல ஓட்டுற செட்டிங்) இருக்கும், அதை ஆன் பண்ணி சேவ் பண்ணுங்க. கிட்டுல இருக்கிற 5600-க்கு வரும். திரும்ப ஒரு தடவை கருப்பா நிக்கும், அதே டிரெயினிங்தான்.